கடற்கரையோரத்து ஆறு மாடி யானை: நியூ ஜெர்சியின் லூசியைப் பார்க்கப் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் மார்கேட் என்ற ஊரில், கடற்கரைச் சாலையோரம் யானை உருவத்தில் ஒரு கட்டடம் இருக்கிறதாம். முன்பு ஹோட்டலாக இருந்ததாம். மகள் வீட்டுக்குப் போகும்போது அதைப் போய்ப் பார்க்கலாமா, இல்லை வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிற இடம்தானா? போகலாமா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: போங்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். கோயில் வாசலில் நிஜ யானையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மரமும் தகரமும் சேர்த்துச் செய்த யானையில் பார்க்க என்ன இருக்கிறது, அதற்காக ஒரு நாடே ஏன் இத்தனை பாடுபட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பழைய மரக் கட்டடங்களைச் சோதித்துப் பழுதுபார்க்கும் வேலையில் நான் பல வருடங்களாக இருக்கிறேன். என் பார்வை தச்சுப் பட்டறையிலிருந்து பார்க்கிற பார்வை. வரலாற்றுப் பேராசிரியர் பார்வை அல்ல. லூசியைப் பற்றி எழுதப்படுவதில் நாலில் ஒரு பங்கு ஊர்ப் பேச்சு. ஆவணத்தில் இருப்பதையும் வாய்வழியாக வருவதையும் முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த ஹோட்டல் விஷயத்தை முடித்துவிடுகிறேன். லூசி ஒருநாளும் ஹோட்டலாக இருந்ததில்லை. பக்கத்தில் இருந்த வேறொரு கட்டடத்துக்குத்தான் ‘எலிஃபண்ட் ஹோட்டல்’ என்று பெயர். இரண்டுக்கும் ஒரே உரிமையாளர். யானையைக் காட்டித் தன் ஹோட்டலுக்கு ஆள் சேர்த்திருக்கிறார். பழைய தபால் அட்டைகளில் யானைப் படமும் ஹோட்டல் பெயரும் சேர்ந்தே இருந்ததால் பின்னால் எழுதியவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இன்றும் பெரிய பத்திரிகைகள்கூட அப்படியே எழுதுகின்றன.

லூசி பிறந்த கதை மனை விற்பனையில் தொடங்குகிறது. ஃபிலடெல்ஃபியாவில் 1856-ல் பிறந்த ஜேம்ஸ் லாஃபர்டி, ஐரிஷ் குடியேறிகளின் மகன். 1881-ல் அவருக்கு வயது 25 தான். அட்லாண்டிக் சிட்டிக்கு 1854-லேயே ரயில் வந்துவிட்டது. 1870-ல் கடலோரமாகப் பலகை நடைபாதை போட்டார்கள். ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் கோடைக்கு அங்கே குவிந்துகொண்டிருந்தார்கள். லாஃபர்டி வாங்கிப்போட்ட நிலமோ அங்கிருந்து தெற்கே சில மைல் தள்ளி. அப்போது அந்த இடத்துக்கு சவுத் அட்லாண்டிக் சிட்டி என்று பெயர். மணல்மேடு, கோரைப்புல், குட்டை மரங்கள், இடையில் அலை ஏறினால் வழியை அடைத்துவிடும் ஓர் உப்பங்கழி. இதைப் போய் யார் வாங்குவார்கள்? மனை பார்க்க வருகிறவர்களை வேனில் ஏற்றிப்போய் மதியச் சாப்பாடும் போட்டு அனுப்புகிறார்களே நம்மூரில், அந்த வித்தைக்கு லாஃபர்டி ஒரு மூத்த உறவு. அவர் சாப்பாடு போடவில்லை, யானை கட்டினார். யானையைப் பார்க்க வருகிறவர்களை அதன் முதுகிலிருக்கும் அம்பாரிக்கு ஏற்றி, அங்கிருந்து கீழே மனைகளைக் காட்டினார். மணலில் நின்று பார்த்தால் பொட்டல். அம்பாரியில் நின்று பார்த்தால் கடலோர நகரம். விற்பனை உத்தி அவ்வளவுதான்.

இந்த யோசனை தனக்கு மட்டுமே சொந்தமாக இருக்க வேண்டும் என்று அவர் காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார். 1882 டிசம்பர் 5-ம் தேதி அமெரிக்கக் காப்புரிமை எண் 268,503 அவருக்குக் கிடைத்தது. பதினேழு வருடங்களுக்கு விலங்கு உருவில் கட்டடம் கட்டும் உரிமை அவர் ஒருவருக்கே. அந்த ஆவணம் கிடைத்தால் அவசியம் படியுங்கள். முகபாவம் துளியும் மாறாமல் எழுதப்பட்ட நகைச்சுவை அது. உடல்தான் வீடு, கால்களுக்குள் படிக்கட்டு, கால்களிலேயே தண்ணீர், கேஸ், நீராவிக் குழாய்களையும் கொண்டுபோகலாம், லிஃப்டும் வைக்கலாம். தும்பிக்கை கீழே ஒரு தொட்டியில் இறங்கும். வெளியே பார்ப்பவர்களுக்கு யானை தீனி தின்பதுபோலத் தெரியும். உள்ளே அது கழிவுநீரும் சாம்பலும் இறங்குகிற குழாய். யானைதான் என்றில்லை, மீன், பறவை என எந்த உருவத்திலும் கட்டலாம் என்று கடைசியில் ஒரு வேலியும் போட்டுவைத்திருக்கிறார்.

சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். அதே ஆவணத்தில் இன்னொரு வாதம் இருக்கிறது: தரையிலிருந்து உடல் உயர்ந்து நிற்பதால் கீழே காற்று புகுந்து ஓடும், மண்ணின் ஈரம் ஏறாது, எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் கிடைக்கும், ஆகவே உடம்புக்கு முடியாதவர்கள் தங்கவும் நல்லது. மனை விற்பவரின் வாய்ஜாலம் என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் கட்டட ரீதியாக அவர் சொன்னது சரி. இந்த விஷயத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

யானை ஏன்? ஜம்போ மோகத்தில் கட்டினார் என்று பலரும் எழுதுகிறார்கள். தேதிகளைப் பார்த்தாலே அது நிற்காது. லண்டன் விலங்குக் காட்சிசாலையிலிருந்து ஜம்போவை சர்க்கஸ்காரர் பி. டி. பார்னம் வாங்கி நியூயார்க்குக்குக் கொண்டுவந்தது 1882 வசந்தத்தில். அதற்கு முந்தைய வருடமே லூசி எழுந்துவிட்டது. ஆனால் அமெரிக்காவில் யானைக்கு ஜம்போவுக்கு வெகு முன்பே மவுசு இருந்தது. 1796-ல் வங்காளத்திலிருந்து ஒரு யானை கப்பலில் வந்து இறங்கியது. அது கிழக்குக் கரை ஊர்களில் எல்லாம் காசுக்குக் காட்டப்பட்டது. அடுத்த எண்பது ஆண்டுகளில் யானை இல்லாத சர்க்கஸ் சர்க்கஸே இல்லை என்றாகிவிட்டது. லாஃபர்டியின் ஊரான ஃபிலடெல்ஃபியா சர்க்கஸ் கம்பெனிகள் குளிர்காலத்தில் கூடாரம் சுருட்டித் தங்குகிற ஊர். 1880-ல் அமெரிக்க மண்ணில் பிறந்த முதல் யானைக்குட்டியும் அங்கேதான் பிறந்தது. ஆகவே அவருக்கு யானை தோன்றியதில் ஆச்சரியமில்லை. குட்டியைப் பார்த்துத்தான் கட்டினார் என்று நான் சொல்லவரவில்லை; காற்றில் யானை வாசனை இருந்தது, அவ்வளவுதான்.

யானைக் கட்டடம் என்ற எண்ணமும் அவரோடு தொடங்கியதல்ல. பாரிஸில் இன்று வெற்றி வளைவு நிற்கிற இடத்தில் யானை வடிவ மாளிகை கட்டலாம் என்று 1758-ல் ஷார்ல் ரிபார் என்பவர் வரைபடம் போட்டுக் கொடுத்தார், அரசு மறுத்துவிட்டது. நெப்போலியன் பஸ்தீல் சதுக்கத்தில் வெண்கல யானை வைக்க ஆசைப்பட்டு, சாந்தில் செய்த முழு அளவு மாதிரியோடு நின்றுபோனது. எலி குடியேறிய அந்த மாதிரியை 1846-ல் இடித்தார்கள். அரசர்களால் முடியாததை ஒரு மனை வியாபாரி முடித்துவிட்டார்.

இனி கட்டுமானம். உயரம் 65 அடி, நீளம் 60 அடி, அகலம் 18 அடி. வரைந்து கொடுத்தவர் வில்லியம் ஃப்ரீ. செலவு 25,000 டாலர் என்றும் 38,000 டாலர் என்றும் இரண்டு கணக்கு உண்டு. விளம்பரத்துக்காகக் கட்டியதன் செலவை விளம்பரதாரரே சொல்லும்போது கூடுதலான எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எடை 90 டன், 200 பீப்பாய் ஆணி, 4 டன் போல்ட்டும் இரும்புக் கம்பியும், மேலே போர்த்த 12,000 சதுர அடி தகரம் என்பவை எப்போதும் சொல்லப்படுகிற எண்கள். இவற்றோடு ‘ஏறத்தாழ பத்து லட்சம் மரத்துண்டுகள்’ என்றும் சேர்த்துக்கொள்வார்கள். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க டன்னில் 90 டன் என்றால் ஏறத்தாழ 81,600 கிலோ. இரும்பையும் தகரத்தையும் கழிக்காமலே பத்து லட்சத்தால் வகுத்தாலும் ஒரு துண்டுக்கு 82 கிராம் கூட வராது. உள்ளே தூணாகவும் விட்டமாகவும் நிற்கிற கனமான மரங்களைப் பார்த்த யாரும் இந்தச் சராசரியை ஏற்க மாட்டார்கள். சுவரில் அடிக்கிற மெல்லிய மரச் சட்டம், ஆப்பு எல்லாவற்றையும் துண்டு துண்டாக எண்ணினால் ஒருவேளை நெருங்கலாம். என்னைக் கேட்டால், எடை, தகரம், ஆணி எண்களை நம்பலாம். பத்து லட்சத்தை லாஃபர்டியின் வாயிலிருந்து வந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கையை விட எனக்குப் பிடித்தது அந்த வேலையின் சிக்கல். சாதாரண வீட்டில் சட்டங்கள் நேராக இருக்கும், மூலைகள் செங்கோணத்தில் இருக்கும். ஒரு அளவை நூறு தடவை திரும்ப வெட்டலாம். யானை வயிற்றில் எந்த இரண்டு விலாச் சட்டத்துக்கும் ஒரே வளைவு கிடையாது. தோளிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து மத்தகத்துக்கு வளைவு மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றையும் இடத்தில் வைத்துப் பார்த்து, செதுக்கி, மறுபடி வைத்துப் பார்த்துத்தான் சேர்த்திருக்க முடியும். கம்ப்யூட்டர் இல்லை, மின்சார ரம்பம் இல்லை. வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு இது பொம்மை. உள்ளே போய் மேலே அண்ணாந்து பார்க்கிற தச்சருக்கு இது பரீட்சைத்தாள். நல்ல மார்க் வாங்கிய பரீட்சைத்தாள்.

நம்மவர்கள் வாசலிலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: தலையும் காதும் ஆசிய யானையுடையது, நீண்ட தந்தம் வேறு இருக்கிறது, அப்படியானால் இது களிறு அல்லவா, லூசி என்று பெண் பெயர் எப்படி? சரியான கேள்வி. ஆசிய யானையில் பிடிக்கு இப்படித் தந்தம் வளராது. கட்டும்போது இதற்கு லூசி என்ற பெயரே இல்லை. ‘எலிஃபண்ட் பஜார்’ என்றுதான் அழைத்தார்கள். லாஃபர்டியிடமிருந்து யானையை அடுத்து வாங்கிய குடும்பத்தின் மருமகள் சோஃபியா கெர்ட்சன் 1902 வாக்கில் லூசி என்று கூப்பிட ஆரம்பித்தார் என்பது வழங்கிவரும் செய்தி. பெயர் ஒட்டிக்கொண்டது, ஊரே இன்று ‘அவள்’ என்றுதான் பேசுகிறது. விலங்கியலைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டிப் பெண்ணிடம் வாதம் செய்யாதீர்கள். அவருக்கு அது தினமும் கேட்கிற கேள்வி.

லூசி தனி யானையல்ல, உடன்பிறந்தவை இரண்டு இருந்தன. 1884-ல் நியூ ஜெர்சியின் தென்முனையில் கேப் மே பக்கம் 40 அடி உயரத்தில் ஒன்று; அதற்கு ‘லைட் ஆஃப் ஏஷியா’ என்று பெயர். புத்தரைப் பற்றி எட்வின் ஆர்னால்டு 1879-ல் எழுதிய காவியத்தின் பெயரும் அதேதான். நமக்கு கவிமணியின் ஆசிய ஜோதியாக அறிமுகமானது. அந்த யானை வியாபாரத்தில் எடுபடாமல் 1900-ல் இடிக்கப்பட்டது. மூன்றாவது நியூயார்க்கின் கோனி ஐலண்டில், 1885-ல் திறந்தது: 122 அடி உயரம், 31 அறைகள். சுதந்திர தேவி சிலை 1886 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது என்பதை நினைத்தால், நியூயார்க்கின் கரையில் தேவிக்கு முன்பே யானை வந்துவிட்டது. இதுதான் உண்மையில் ஹோட்டலாக ஓடியது. பின்னால் பெயர் கெட்டு, விபச்சார விடுதி என்று பேச்சு வாங்கி, ஆளில்லாமல் கிடந்து, 1896 செப்டம்பரில் ஒரே இரவில் எரிந்து போனது. ஹோட்டல் கதை லூசி மேல் ஏறியதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மூன்றில் சின்னதும் போனது, பெரியதும் போனது. நடுவில் இருந்தது மட்டும் ஏன் நின்றது? லாஃபர்டியால் அல்ல. கையில் பணம் தீர்ந்து 1887-ல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஆன்டன் கெர்ட்சனுக்கு விற்றுவிட்டார். 1898-ல், காப்புரிமை முடிய ஒரு வருடம் இருக்கும்போதே, நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். கெர்ட்சன் குடும்பமோ 1970 வரை, எண்பத்து மூன்று வருடங்கள், யானையை வைத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அது நினைவுச்சின்னமல்ல. வாடகைக்கு விடுகிற சொத்து. 1902-ல் ஓர் ஆங்கில டாக்டர் குடும்பத்தோடு கோடை வீடாக எடுத்துக்கொண்டார். நடுக்கூடத்தைச் சுற்றிப் படுக்கையறைகள், சமையலறை, முன்தோள் பக்கத்துச் சின்ன அறையில் குளியல் தொட்டி. பிறகு மதுக்கடை, குடித்துவிட்டு ஆடியவர்கள் எண்ணெய் விளக்கைத் தட்டிவிட்டு எரித்தே விட்டிருப்பார்கள் என்று ஒரு கதை. மதுவிலக்கு வந்ததும் கடை மூடப்பட்டது. ஆபீஸ், சாப்பாட்டுக் கடை, சுற்றிப் பார்க்க டிக்கெட் என ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. பழைய கட்டடங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த தீர்மானம் இது: ஆள் புழங்குகிற கட்டடத்தில் ஒழுகினால் அன்றைக்கே தெரியும், பூட்டிக் கிடக்கிற கட்டடத்தில் ஒழுகல் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. கோனி ஐலண்ட் யானை எரிந்தபோது அது காலிக் கட்டடம். லூசியை வருடாவருடம் யாராவது திட்டிக்கொண்டே அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது கடல். 1903 புயலில் முழங்கால் வரை மணல் மூடிவிட்டது. ஊர்க்காரர்கள் தோண்டி எடுத்து, கடலிலிருந்து ஐம்பதடி பின்னால் தள்ளி வைத்தார்கள். 1929-ல் காற்று அம்பாரியைப் பிய்த்துக்கொண்டு போனது. 1944 செப்டம்பர் சூறாவளி, 1962 மார்ச் புயல் இரண்டும் அந்தக் கரையைச் சூறையாடின, யானை நின்றது. 2012-ல் சாண்டி சூறாவளி வந்தபோது தண்ணீர் கால் நகம் வரை ஏறி இறங்கியது, பெரிய சேதமில்லை. ஏன்? ஒரு பங்கு அதிர்ஷ்டம். மறு பங்கு நான் முன்னே சொன்ன காப்புரிமை வாசகம். அலை மோதும் அபாயமுள்ள அமெரிக்கக் கடற்கரையில் இன்று வீடு கட்டினால் தூண்கள் மேல்தான் கட்ட வேண்டும், அலை அடியில் புகுந்து போக வழி விட வேண்டும் என்பது விதி. நான்கு கால் மேல் நிற்கிற கட்டடம் அந்த விதியை 1881-லேயே தெரியாத்தனமாகக் கடைப்பிடித்தது. உருண்ட உடம்பு என்பதால் தட்டைச் சுவரைப் போலக் காற்றை முழுசாக வாங்குவதுமில்லை. இது என் தொழில் கணிப்பு. காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த முடிவல்ல.

ஆனால் புயல் கொல்லாத கட்டடத்தை உப்பு கொல்லும். 1960-களின் கடைசியில் தகரம் துருப்பிடித்து, மரம் உளுத்து, உள்ளே ஆள் போகவே பயம் என்ற நிலை. கெர்ட்சன் குடும்பம் ஓய்வெடுக்க முடிவு செய்து நிலத்தை அடுக்குமாடி கட்டுபவர்களுக்கு விற்றது. யானையை ஊருக்கு நன்கொடையாகக் கொடுத்தது. அதாவது யானை ஊருடையது, அது நிற்கிற நிலம் ஊருடையதல்ல. முப்பது நாளில் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் இடிப்போம் என்று கெடு. எட்வின் கார்பென்டர், சில்வியா கார்பென்டர், ஜோசபின் ஹாரன் ஆகியோரைச் சுற்றி ஒரு குழு கூடியது. லூசியைக் காப்பாற்றும் குழு என்றே பெயர். வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பணம் சேர்த்தார்கள். கடைசி நேரத்தில், யானை வந்தால் எங்கள் நிலத்தின் மதிப்பு இறங்கிவிடும் என்று பக்கத்து நிலக்காரரான ஒரு நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. நிலத்தின் மதிப்பை ஏற்றுவதற்கென்றே கட்டிய யானை அது! நீதிபதி தடையை நீக்கினார். 1970 ஜூலை 20 அன்று, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கர வண்டிகளில் ஏற்றி, 90 டன் யானையைத் தெருவழியே ஏறத்தாழ நூறு கெஜம் இழுத்துப்போய்க் கடற்கரையிலிருந்த நகராட்சி நிலத்தில் நிறுத்தினார்கள். அந்தத் தேதியைத்தான் இன்றும் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பழுதுபார்ப்பு முடிந்து 1974-ல் மக்களுக்குத் திறந்தார்கள்.

1976-ல் லூசி தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வாஷிங்டனின் மாளிகைகளுக்குக் கொடுக்கிற அதே தகுதி. என் துறையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. அமெரிக்க விதிப்படி, இடம் மாற்றிய கட்டடம் பொதுவாக வரலாற்றுப் பட்டியலில் சேராது. இடமும் வரலாற்றில் பாதி என்பது வாதம். கட்டட அமைப்புக்காகவே முக்கியம் என்றால் மட்டும் விலக்கு உண்டு. லூசி அந்த விலக்கில்தான் உள்ளே வந்தது. கேலிப் பொருளாகக் கட்டியதைக் கட்டடக்கலை என்று அரசே ஒப்புக்கொண்டது என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது.

இதோடு ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் இன்று தொட்டுப் பார்க்கப்போகிற தோல் பழையதல்ல. 2021-ல் சோதித்தபோது பாதிக்கு மேல் தோல் பழுதுபார்க்க முடியாத நிலையில் இருந்தது. அந்த செப்டம்பரில் மூடி, முழுவதும் புதுத் தகடு போர்த்தி, 2022 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள்; 24 லட்சம் டாலர் ஆனது. தகரம் என்பது இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயப் பூச்சு. பூச்சு முழுசாக இருக்கும்வரை காவல். ஒரு கீறல் விழுந்தால் கீழே இருக்கிற இரும்பு சாதாரண இரும்பைவிட வேகமாக அரிக்கும், ஏனென்றால் இரண்டு உலோகமும் உப்பீரத்தில் சேர்ந்தால் இரும்புதான் கரைந்து கொடுக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வளைந்து நெளிந்த பரப்பில் ஆயிரக்கணக்கான ஆணி அடித்து அதைப் போர்த்தினால், எத்தனை பூச்சு அடித்தாலும் ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும். அம்பாரியும் மறுபடி செய்ததுதான். அப்படியானால் உண்மையான லூசி எங்கே என்றால், உள்ளே. மரச் சட்டகத்தில். அதனால்தான் வாசலில் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள் என்கிறேன்.

கவர்ச்சி எதில் என்று கேட்டீர்கள். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1931-ல் ஒரு வாத்துப் பண்ணைக்காரர் வாத்து உருவத்தில் கடை கட்டி அதில் வாத்தும் முட்டையும் விற்றார். பின்னால் கட்டடக்கலைஞர்கள் ராபர்ட் வென்ச்சூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் இந்த வகைக் கட்டடங்களுக்கெல்லாம் வாத்து என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வாத்துக் கடையைப் பார்த்த உடனே புரிந்துவிடும். காரில் போகிறபோதே படித்து முடித்துவிடலாம். லூசி அப்படியில்லை. இங்கே யானை எதையும் விற்கவில்லை. மனைக்கும் யானைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கட்டும்போது கார் என்ற பொருளே கிடையாது, ஆகவே வேகமாகக் கடந்து போகிறவருக்காகச் செய்ததுமல்ல. நின்று, ஏறி, உள்ளே நடந்து பார்ப்பவருக்காகச் செய்தது. அமெரிக்காவின் மிகப் பழைய சாலையோர வேடிக்கை என்று பலகையில் போட்டுக்கொள்கிறார்கள். சாலைதான் பிற்பாடு வந்து சேர்ந்தது. மனைகள் எல்லாம் எப்போதோ விற்று முடிந்து, ஊர் 1909-ல் மார்கேட் சிட்டி என்று பெயரையும் மாற்றிக்கொண்டுவிட்டது. விற்ற சரக்கு மறைந்து விளம்பரம் மட்டும் மிச்சமிருக்கிறது. எனக்கு அதன் ஈர்ப்பு அங்கேதான். காரணம் தீர்ந்துபோன பிறகும் ஒரு பொருளை ஊர் கூடிக் கூடித் தூக்கி நிறுத்துகிறது என்றால், அதற்குள் காரணத்தைவிடப் பெரிதாக ஏதோ இருக்கிறது. அது அழகு என்று நான் சொல்ல மாட்டேன். நேரே நின்று பார்த்தால் முகம் கொஞ்சம் திருதிருவென்றுதான் இருக்கும். குழந்தைகள் யாரும் அதைக் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

இனி நடைமுறை. உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும். அரை மணி நேரம் போதும். பின்னங்காலுக்குள் சுழல் படிக்கட்டு; குறுகலானது. காப்புரிமையில் லாஃபர்டி எழுதிய லிஃப்ட் காகிதத்தோடு சரி, ஆகவே முழங்கால் வலி இருப்பவர்கள் யோசித்து ஏறுங்கள். சக்கர நாற்காலி மேலே போகாது. மேலே போனதும் வயிற்றுக்குள் விசாலமான ஒரு கூடம். 22 ஜன்னல்கள், கண்களும் ஜன்னல்தான், வால் பக்கத்திலும் ஒன்று உண்டு. பிள்ளைகள் அங்கேதான் அதிகம் சிரிப்பார்கள். டாக்டர் வீட்டுக் குளியல் தொட்டியைக் கேட்டுப் பாருங்கள். வழிகாட்டி சுவரைப் பற்றிப் பேசும்போது நீங்கள் கூரையைப் பாருங்கள், வளைவுகள் தலைப்பக்கம் எப்படி ஒடுங்குகின்றன என்று. பிறகு அம்பாரிக்கு ஏறினால் ஒருபுறம் கடல், வடக்கே அட்லாண்டிக் சிட்டியின் உயர்ந்த கட்டடங்கள், மற்ற பக்கமெல்லாம் வீட்டுக் கூரைகள். 2006-ல் மின்னல் விழுந்து தந்த முனைகள் கருகின. வானம் இருட்டிக்கொண்டு வருகிற நாளில் போனால் மேலே விடாமல் போகலாம், வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள்.

இரவு தங்க முடியுமா என்றும் அடுத்து கேட்பீர்கள். முடியாது. 2020 மார்ச்சில் மட்டும், தங்க வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி என்ற இணையதளம் மூலம் மூன்று இரவுக்கு வாடகைக்கு விடுவதாக அறிவித்தார்கள்; இரவுக்கு 138 டாலர், அப்போது லூசிக்கு வயது 138 என்ற கணக்கில். வேறு யாராவது யானை ஹோட்டலில் அறை பிடித்துத் தருகிறேன் என்றால் பணம் கொடுத்துவிடாதீர்கள். அட்லாண்டிக் சிட்டியில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் முதல் சுற்றுக்கே போய்விடுங்கள். கோடை விடுமுறை என்றால் மதியத்துக்குப் பிறகு வரிசை நீண்டுவிடும்.